பேட்டி ஏன் வரவில்லை? ஊடகத் தொடர்பு மென்பொருள் பயன்படுத்துவோருக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

ஊடகத் தொடர்பு மென்பொருளுக்குச் சந்தா கட்டியாயிற்று. செய்தியாளர்களின் பெயர், எழுதும் துறை, மின்னஞ்சல் முகவரி எல்லாம் திரையில் இருக்கின்றன. நிறுவனத்தின் மருத்துவரையோ பொறியாளரையோ நிதி ஆலோசகரையோ பேட்டி காணும்படி கேட்டு மடல்களும் போகின்றன. பேட்டி மட்டும் வரவில்லை. இந்தக் கட்டத்தில் பல நிறுவனங்கள் எடுக்கும் முடிவு, பட்டியலைப் பெரிதாக்கி மேலும் ஐந்நூறு பேருக்கு அனுப்புவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எண்ணிக்கையைக் கூட்டுவதால் கோளாறு சரியாவதில்லை. எரிச்சலடையும் செய்தியாளர்களின் எண்ணிக்கைதான் கூடுகிறது; அவர்களில் சிலர் உங்கள் முகவரியை நிரந்தரமாகத் தடுத்துவிடுவார்கள்.

சிஷன், மக் ராக், மெல்ட்வாட்டர், ப்ரௌலி என்று எந்த மென்பொருளாக இருந்தாலும் கோளாறு ஐந்து இடங்களில் ஒன்றில்தான் இருக்கும். மடல் போய்ச் சேரவில்லை; அல்லது பொருந்தாத ஆளுக்குப் போயிருக்கிறது; அல்லது அதில் செய்தி இல்லை; அல்லது நிபுணரின் தகுதியை நம்ப வழியில்லை; அல்லது சம்மதம் கிடைத்த பிறகு நம் பக்கத்தில் தாமதம். இதே வரிசையில் பாருங்கள். மடலே சேராதபோது அதன் வாசகத்தை எத்தனை முறை திருத்தினாலும் பயனில்லை.

அறிகுறி: ஒருவரிடமிருந்தும் பதில் இல்லை, மறுப்புகூட இல்லை

பலருக்கு எழுதும்போது யாராவது ஒருவர் "இப்போது வேண்டாம்" என்பார், இன்னொருவரிடமிருந்து விடுப்பில் இருப்பதாகத் தானியங்கிப் பதில் வரும். அதுவும் இல்லாமல் முழு அமைதி நிலவினால், மடல்கள் ஸ்பேம் பெட்டிக்குள் போகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

சோதிப்பது எளிது. மென்பொருள் வழியாகவே உங்கள் சொந்த ஜிமெயிலுக்கும், ஒரு யாஹூ கணக்குக்கும், ஒரு அவுட்லுக் கணக்குக்கும் அதே மடலை அனுப்புங்கள். எங்கே விழுகிறது என்று பாருங்கள். பிறகு ஜிமெயிலில் அந்த மடலைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று வரிகள் தெரியும். மூன்றுக்கும் எதிரே 'பாஸ்' என்று இருக்க வேண்டும். டொமைன் என்பது மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்; அந்தப் பெயரில் மடல் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு அனுமதி உண்டு என்பதை எஸ்பிஎஃப் சொல்கிறது. வழியில் யாரும் மடலை மாற்றவில்லை என்பதற்கான கையொப்பம் டிகேஐஎம். இவை இரண்டும் உங்கள் டொமைனோடு பொருந்தாவிட்டால் மடலை என்ன செய்வது என்று பெறுபவருக்கு அறிவுறுத்துவது டிமார்க்.

இங்கே பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. டிகேஐஎம் எதிரே 'பாஸ்' என்று இருக்கும். ஆனால் அது எந்த டொமைனுக்கு என்று பார்த்தால் மென்பொருள் நிறுவனத்தின் டொமைனாக இருக்கும். எஸ்பிஎஃப்பும் அப்படியே. இரண்டும் உங்கள் டொமைனோடு பொருந்தாததால் டிமார்க் தோற்றுவிடும். மென்பொருளின் அமைப்புகள் பகுதியில் 'அனுப்பும் டொமைனை உறுதிசெய்தல்' என்று ஒரு படி இருக்கும். அது தரும் பதிவுகளை டிஎன்எஸ்ஸில், அதாவது உங்கள் டொமைனின் பொதுப் பதிவேட்டில், சேர்த்தால் இது தீரும்.

சேர்க்கும்போது இன்னொரு தவறும் நேர்கிறது. சம்பளப் பட்டியல் அனுப்ப ஒரு மென்பொருள், செய்திமடலுக்கு ஒன்று, ஊடகத் தொடர்புக்கு ஒன்று என்று ஒவ்வொன்று வரும்போதும் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் ஒருவர் புதிதாக ஒரு எஸ்பிஎஃப் பதிவைச் சேர்த்துவிடுகிறார். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. எல்லாவற்றையும் ஒரே பதிவுக்குள் இணைக்க வேண்டும். அப்படி இணைக்கும்போதும் அந்தப் பதிவு பத்துக்கு மேற்பட்ட டிஎன்எஸ் தேடல்களை உண்டாக்கக் கூடாது. பதினொன்றாவது தேடலில் சோதனை முறிந்துவிடும். பயன்பாட்டில் இல்லாத பழைய மென்பொருள்களை எடுத்துவிடுங்கள்.

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இதில் கண்டிப்பு காட்டுகின்றன. யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் இருந்தாக வேண்டும். ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000 மடல்களுக்கு மேல் அனுப்பும் டொமைன்களுக்கு மூன்றுமே கட்டாயம். "நாங்கள் நாற்பது செய்தியாளர்களுக்குத்தானே அனுப்புகிறோம்" என்று இருந்துவிடாதீர்கள். கணக்கு டொமைனுக்குத்தான், விற்பனைப் பிரிவு அனுப்பும் சலுகை மடல்களும் அதில் சேரும். ஸ்பேம் என்று புகார் செய்யப்படும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது, 0.1க்குக் கீழே இருப்பதே நல்லது என்பது கூகுளின் வரையறை. போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் என்ற இலவசச் சேவையில் உங்கள் டொமைனின் நிலையைப் பார்க்கலாம். விற்பனைப் பிரிவால் டொமைனின் பெயர் கெட்டிருந்தால் அதன் பலனை நீங்களும் அனுபவிப்பீர்கள். அவர்களை ஒரு துணை டொமைனுக்கு மாறச் சொல்லுங்கள்.

இணைப்புகளைப் பின்தொடரும் வசதியை அணைத்துவிடுங்கள். மடலில் உள்ள இணைப்பை மென்பொருள் தன் பொது டொமைன் வழியாகத் திருப்பிவிடுகிறது. அதே டொமைனை யார் யாரோ பயன்படுத்துகிறார்கள். அவர்கள் செய்த வினை உங்கள் மடலையும் பிடிக்கும். பிடிஎஃப்பையும் புகைப்படத்தையும் மடலில் இணைக்காமல், கேட்டால் தருவதாகச் சொல்லுங்கள்.

அறிகுறி: பலர் திறந்ததாகத் திரை சொல்கிறது, பதில் மட்டும் இல்லை

அந்த எண்ணை நம்ப வேண்டாம். மடலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படத்தை மென்பொருள் வைக்கிறது; அந்தப் படம் இறங்கினால் 'திறக்கப்பட்டது' என்று கணக்கு எழுதுகிறது. 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15 வந்தபோது ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு, மடலை யாரும் பார்க்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. நிறுவனங்களின் பாதுகாப்பு மென்பொருள்களோ இணைப்புகளைத் தாங்களே சொடுக்கிச் சோதிக்கின்றன. அனுப்பிய சில நொடிகளில் எல்லா இணைப்புகளும் சொடுக்கப்பட்டதாகத் தெரிந்தால் அது மனிதர் செய்த வேலை அல்ல.

ஆகவே "திறந்தும் பதில் சொல்லாதவர்களுக்கு மறுமடல்" என்ற தானியங்கி விதியை நிறுத்துங்கள். நினைவூட்டல் ஒரே ஒரு முறை, மூன்று நான்கு நாள் கழித்து, முதல் மடலில் இல்லாத ஒரு புதுத் தகவலோடு போகட்டும். "என் முந்தைய மடலைப் பார்த்தீர்களா?" என்பது தகவல் அல்ல. எண்ண வேண்டியது இரண்டைத்தான்: மனிதரிடமிருந்து வந்த பதில், நடந்த பேட்டி.

அறிகுறி: நிறைய மடல்கள் திரும்பி வருகின்றன

பட்டியல் பழையது. செய்தியாளர்கள் அடிக்கடி நிறுவனம் மாறுகிறார்கள். தரவுத்தளம் அதே வேகத்தில் மாறுவதில்லை. கடந்த மூன்று மாதத்தில் அவர் பெயரில் அந்த இதழில் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மட்டும் அனுப்புங்கள். திரும்பி வந்த முகவரிக்கு மறுபடி அனுப்பவே கூடாது, அது டொமைனின் மதிப்பையும் கெடுக்கும்.

அறிகுறி: "இது என் துறை இல்லை" என்று பதில் வருகிறது

பதில் வருவதே நல்ல அடையாளம், மடல் சேர்கிறது. ஆள்தான் தவறு. 'வணிகம்', 'சுகாதாரம்' என்று மென்பொருள் ஒட்டிவைத்திருக்கும் சீட்டுகள் மிகப் பரந்தவை. சுகாதாரம் என்ற சீட்டின் கீழ் அரசு மருத்துவமனைகளின் நிர்வாகத்தை எழுதுபவரும் இருப்பார், மருந்து நிறுவனங்களின் காலாண்டு முடிவுகளை எழுதுபவரும் இருப்பார். உங்கள் கண் மருத்துவரால் இருவருக்குமே பயன் இல்லாமல் போகலாம்.

துறையை வைத்துத் தேடாமல் கட்டுரையை வைத்துத் தேடுங்கள். பல மென்பொருள்களில் கட்டுரைகளுக்குள் சொல் தேடும் வசதி உண்டு. உங்கள் நிபுணர் பேசக்கூடிய குறுகிய பொருளை இட்டு, அதைப் பற்றிச் சமீபத்தில் எழுதியவர்களை எடுங்கள். பெரும்பாலும் பத்துப் பதினைந்து பெயர்கள்தான் கிடைக்கும். அதுவே போதும். ஒவ்வொருவரின் கடைசி ஐந்து கட்டுரைகளையும் படியுங்கள். இதற்கு ஒரு முழுப் பகல் பிடிக்கும். இந்த வேலையில் வேறு எந்தப் பகலும் இவ்வளவு பலன் தராது என்பது என் உறுதியான எண்ணம்.

அறிகுறி: மடல் "அன்புள்ள எஸ்.," என்று தொடங்குகிறது

வெளிநாட்டில் உருவான மென்பொருள்கள் பெயரை 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டாகப் பிரிக்கின்றன. நம் ஊர்ப் பெயர்களில் முன்னெழுத்துதான் முதலில் வரும். எக்செல் கோப்பை ஏற்றும்போது 'எஸ். ராமசாமி' என்பதில் முதல் பெயர் 'எஸ்.' ஆகிவிடும், இரண்டு முன்னெழுத்து இருந்தால் இன்னும் விபரீதம். தானாக நிரப்பும் இடத்தில் அது அப்படியே போய் உட்கார்ந்துகொள்ளும். அதைப் பார்த்த நொடியே இது மொத்தமாக அனுப்பிய மடல் என்று செய்தியாளருக்குத் தெரிந்துவிடும்.

'விளிக்கும் முறை' என்று தனியாக ஒரு நெடுவரிசையைக் கோப்பில் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் கையாலேயே நிரப்புங்கள். தமிழ் இதழ்களின் மூத்த ஆசிரியர்களுக்கு 'வணக்கம் ஐயா', 'வணக்கம் அம்மா' என்று எழுதுவதே பொருத்தம். பெயர் சொல்லி அழைக்கும் அமெரிக்க வழக்கம் அவர்களிடம் எடுபடாது. ஆங்கில நாளிதழ்களின் இளம் நிருபர்களுக்குப் பெயரே போதும்.

அறிகுறி: சரியான ஆள், மடலும் சேர்கிறது, ஆனாலும் அமைதி

இதுதான் மிகுதியாகக் காணப்படும் கோளாறு. இதை மென்பொருளால் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் கோளாறு மடலின் உள்ளடக்கத்தில் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. கோயம்புத்தூரில் ஒரு நீர்ச் சுத்திகரிப்பு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சாய ஆலைக் கழிவுநீரில் நீண்ட அனுபவம் உள்ள ஒரு பொறியாளர் அங்கே இருக்கிறார். வழக்கமாகப் போகும் மடல் இப்படி இருக்கும்:

"தொழில்துறை நீர் மேலாண்மையில் முன்னணி வகிக்கும் எங்கள் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் நிலைத்தன்மை, புதுமை ஆகியவை பற்றித் தமது அரிய கருத்துகளைப் பகிர்ந்துகொள்ளத் தயாராக உள்ளார். பேட்டிக்கு நேரம் ஒதுக்க முடியுமா?"

இதில் செய்தியாளர் எழுதக்கூடிய ஒரு வரிகூட இல்லை. முன்னணி என்பது நிறுவனம் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட பட்டம். நிலைத்தன்மை, புதுமை இரண்டையும் யாரும் எதற்கும் சொல்லலாம். பொறியாளருக்கு என்ன தெரியும் என்பது கடைசிவரை வரவே இல்லை. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற ஏற்பாட்டின் கீழேயே ஆலைகள் இயங்குகின்றன. தண்ணீர் மீட்கப்படுகிறது, கடைசியில் எஞ்சும் கலவை உப்பை என்ன செய்வது என்பது இன்றும் தலைவலிதான். அது மூட்டை மூட்டையாகக் கிடங்குகளில் தேங்குகிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் வேலை செய்த எங்கள் பொறியாளர், இந்த உப்பைப் பிரிப்பதில் எது முடியும், எது முடியாது, எவ்வளவு செலவு ஆகும் என்று சொல்வார். நொய்யல் பற்றிய உங்கள் கட்டுரையில் இந்தக் கேள்வி எழுந்திருந்ததால் எழுதுகிறேன். கிடங்கை நேரில் பார்க்கவும் ஏற்பாடு செய்யலாம். வரும் வியாழன், வெள்ளி மாலை அவர் பேசக் கிடைப்பார்."

இரண்டாவது மடலில் நிறுவனத்தின் புகழ் இல்லை. அது கையொப்பத்தில் இருந்தால் போதும். இடம் இருக்கிறது, ஒரு முரண் இருக்கிறது, பேசுபவர் எதை அறிந்தவர் என்பது இருக்கிறது, நேரில் பார்க்க ஒரு வாய்ப்பு இருக்கிறது. எது முடியாது என்பதையும் சொல்வார் என்ற வரி மிக முக்கியம். தன் துறையின் குறையையும் பேசத் தயாராக இருப்பவரைத்தான் செய்தியாளர் மதிப்பார். குறை பேசினால் வணிகம் கெடும் என்று நிர்வாகம் அஞ்சினால் அந்த நிபுணரை இப்போதைக்குப் பேட்டிக்கு அனுப்பாதீர்கள்.

இப்படி ஒரு மடல் எழுத வேண்டுமானால் முதலில் அந்தப் பொறியாளரோடு நீங்கள் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். "உங்கள் துறையைப் பற்றிச் செய்தித்தாளில் தவறாக வருவது எது?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலில் மூன்று மடலுக்கான விஷயம் இருக்கும். மென்பொருளில் இப்போது வரும் 'செயற்கை நுண்ணறிவால் மடல் எழுது' என்ற பொத்தானால் இந்தப் பதிலைத் தர முடியாது, ஏனென்றால் அது பொறியாளரோடு பேசியதில்லை.

தலைப்பு வரியில் 'பேட்டி வாய்ப்பு' என்று எழுதாமல் பொருளையே எழுதுங்கள்: 'திருப்பூர் சாய ஆலைகளில் தேங்கும் கலவை உப்பு'. கைப்பேசித் திரையில் முதல் சில சொற்கள்தான் தெரியும்.

அறிகுறி: செய்தியாளர்களின் கேள்விகளுக்குப் பதில் அனுப்புகிறோம், ஒன்றும் தேர்வாவதில்லை

செய்தியாளர் தமக்கு என்ன நிபுணர் வேண்டும் என்று கேட்க, நாம் பதில் அனுப்பும் சேவைகள் தனி வகை. இவற்றில் பெயர் பெற்றது ஹாரோ. பீட்டர் ஷாங்க்மன் 2008இல் தொடங்கியதை 2010இல் வோக்கஸ் என்ற மென்பொருள் நிறுவனம் வாங்கியது. பின்பு அது சிஷன் கைக்குப் போய், கனெக்டிவ்லி என்று பெயர் மாறி, 2024 டிசம்பரில் மூடப்பட்டது. 2025இல் ஃபீச்சர்ட் என்ற நிறுவனம் வாங்கி மீண்டும் ஹாரோ என்ற பெயரிலேயே நடத்துகிறது. இடையில் ஷாங்க்மனே சோர்ஸ் ஆஃப் சோர்சஸ் என்று வேறொன்றைத் தொடங்கினார். குவோட்டட், சோர்ஸ்பாட்டில் ஆகியவையும் உண்டு. உங்கள் பழைய பயிற்சிக் குறிப்புகளில் கனெக்டிவ்லி என்று இருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம்.

இங்கே தோற்பதற்கு முதல் காரணம் நேரம். கேள்விகள் பெரும்பாலும் அமெரிக்க நேரத்தில் வருகின்றன. நியூயார்க்கில் மாலை 5 மணி காலக்கெடு என்றால் இந்தியாவில் கோடையில் நள்ளிரவு தாண்டி 2.30, குளிர்காலத்தில் 3.30. காலையில் அலுவலகம் வந்து பதில் எழுதினால் காலக்கெடு முடிந்திருக்கும். முந்தைய மாலையே பார்த்து அனுப்ப ஒருவர் வேண்டும். இரண்டாவது காரணம், கேள்விக்குப் பதில் எழுதாமல் 'எங்கள் நிபுணர் பேசத் தயார்' என்று மட்டும் அனுப்புவது. அப்படியே எடுத்து அச்சிடக்கூடிய நான்கைந்து வாக்கியங்களும், பேசுபவரின் பெயரும் பதவியும், சரிபார்க்க ஓர் இணைப்பும் முதல் மடலிலேயே இருக்க வேண்டும். மூன்றாவது, எந்திரம் எழுதிய பதில். ஒரே கேள்விக்கு ஒரே மாதிரியான ஐம்பது பதில்கள் வந்து குவிவதைச் செய்தியாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார். நிபுணர் தொலைபேசியில் குரல் பதிவாக அனுப்பட்டும்; அதை எழுத்தாக்கினால் அவர் பேச்சின் தனித்தன்மை தங்கும்.

கேள்வி உங்கள் நிபுணரின் துறைக்கு வெளியே இருந்தால் விட்டுவிடுங்கள். இதய மருத்துவர் உறக்கத்தைப் பற்றியும், உறவுச் சிக்கல் பற்றியும், அலுவலக நாற்காலி பற்றியும் கருத்துச் சொல்லியிருந்தால் அடுத்த செய்தியாளர் தேடிப் பார்க்கும்போது அது நன்றாக இருக்காது.

அறிகுறி: "இந்த நிபுணர் யார்?" என்று கேட்டுவிட்டு நின்றுவிடுகிறார்கள்

2025இல் ஊடகத் துறை பற்றி எழுதும் பிரிட்டனின் பிரஸ் கெஜட், அந்நாட்டு இதழ்களில் அடிக்கடி மேற்கோள் காட்டப்பட்ட சில நிபுணர்களின் தகுதியும், சிலர் உண்மையில் இருக்கிறார்களா என்பதும் ஐயத்துக்குரியவை என்று அம்பலப்படுத்தியது. அதன் பிறகு பல ஆசிரியர் குழுக்கள் கூடுதலாகச் சரிபார்க்கின்றன. சரிபார்க்கத்தான் வேண்டும். பொய்யான மருத்துவ ஆலோசனை அச்சில் வந்தால் அதை நம்பி நடப்பது ஒரு வாசகர்.

ஆகவே தேடினால் கிடைக்கும்படி செய்யுங்கள். நிறுவனத் தளத்தில் நிபுணருக்கு ஒரு தனிப் பக்கம், உண்மையான புகைப்படம், படித்த இடம், பதிவு எண், வெளியான ஆய்வு இருந்தால் அதன் விவரம், நேரடியாகப் பேசக்கூடிய தொலைபேசி. மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண். பங்குப் பரிந்துரை சொல்பவர் என்றால் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் 2014ஆம் ஆண்டு ஆய்வாளர் விதிமுறைகளின்படி பதிவு. பேசும் பங்கில் தமக்கு உள்ள நலனையும் அவர் சொல்லியாக வேண்டும்.

இந்தியாவில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விளம்பர நோக்கில் பேட்டி ஏற்பாடு செய்வதே சில தொழில்களில் விதிமீறல். 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறி விதிமுறைகள், தம்மை விளம்பரப்படுத்தும் விளைவு உள்ள பேட்டியை மருத்துவர் நோய், சிகிச்சை பற்றிக் கொடுக்கக் கூடாது என்கின்றன. பொதுச் சுகாதாரம் பற்றித் தம் பெயரில் எழுதவும் பேசவும் தடை இல்லை. டெங்கு பரவும் பருவத்தில் எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று அவர் சொல்லலாம். தம் மருத்துவமனையில் மட்டும் கிடைக்கும் சிகிச்சையைப் பற்றிச் சொன்னால் சிக்கல். வழக்கறிஞர்களுக்கு இன்னும் கடுமை. இந்திய பார் கவுன்சிலின் 36ஆம் விதி, தாம் நடத்தும் வழக்கு பற்றிச் செய்தித்தாளில் கருத்து வரச் செய்வதையும் படம் வெளியிடுவதையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இணையத்தில் வழக்கறிஞர்களை விளம்பரப்படுத்துவதற்கு எதிராகக் கண்டிப்பான உத்தரவிட்டது. சட்ட நிறுவனம் உங்கள் வாடிக்கையாளர் என்றால், மடல் எழுதுவதற்கு முன்பே அவர்களின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள்.

அறிகுறி: "பேட்டி போடுகிறோம், கட்டணம் இவ்வளவு" என்று பதில் வருகிறது

அது விளம்பரம். வேண்டுமானால் விளம்பரப் பிரிவின் பணத்தில், விளம்பரம் என்ற அறிவிப்போடு செய்யுங்கள். பணம் கொடுத்து வரும் செய்தி பற்றி இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2010லேயே அறிக்கை கொடுத்திருக்கிறது. மென்பொருளில் இதைப் பேட்டிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அறிகுறி: தமிழ் இதழ்களைத் தேடினால் மென்பொருளில் யாருமே இல்லை

இருப்பவர்களும் பெரும்பாலும் நிர்வாக முகவரிகளாக இருப்பார்கள். உலகச் சந்தைக்கான தரவுத்தளங்கள் தமிழ்ச் செய்தி அறைகளை ஆழமாகத் தொடுவதில்லை. இங்கே பட்டியலை நீங்களே உருவாக்க வேண்டும்: இணைப்பிதழ்கள், மாவட்டப் பதிப்புகள், வேளாண் பக்கம், மருத்துவப் பக்கம், வானொலி, தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சிகள். பெயர்களை அச்சிலிருந்து எடுங்கள். எண்ணை அலுவலகத்துக்குப் பேசி வாங்குங்கள். பகல் பதினொன்று, பன்னிரண்டு மணிவாக்கில் பேசினால் கிடைப்பார்கள். பக்கம் முடிக்கும் மாலையில் பேசாதீர்கள்.

மடல் தமிழில், ஒருங்குறியில் (யுனிகோடில்), மடலின் உடலிலேயே இருக்கட்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை அனுப்பினால் அங்கே குப்பையாகத் தெரியும். பிடிஎஃப்பிலிருந்து படியெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறும். மறுபடி தட்டச்சு செய்ய எந்தத் துணை ஆசிரியருக்கும் நேரம் இல்லை. நிபுணர் தமிழில் பேச வல்லவரா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். கலைச்சொல்லுக்குத் தடுமாறுபவர் என்றால் ஒரு சிறு சொற்பட்டியல் தயாரித்துக் கொடுங்கள்.

அறிகுறி: சம்மதித்தார்கள், பேட்டி நடக்கவில்லை

நிர்வாகம் ஒப்புதல் தருவதற்குள் செய்தி ஆறிப்போகிறது. மடல் அனுப்பும் முன்பே நிபுணரின் நேரத்தைப் பிடித்துவையுங்கள்; செய்தியாளர் கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் எண்ணைக் கொடுங்கள். நாட்காட்டி இணைப்பை அனுப்பி "இதில் நேரம் தேர்ந்தெடுங்கள்" என்று அவருக்கு வேலை வைக்காதீர்கள். கேள்விகளை முன்கூட்டியே கேட்கலாம், கொடுத்தாக வேண்டும் என்று நிபந்தனை போடக் கூடாது. வெளிவருவதற்கு முன் கட்டுரையைக் காட்டச் சொல்வதும் கூடாது. பெரும்பாலான நாளிதழ்கள் காட்டுவதில்லை. மேற்கோளைச் சரிபார்த்துத் தர முடியுமா என்று மட்டும் கேளுங்கள். பெயர் இல்லாமல் வெளியிட வேண்டிய பேச்சு எது என்பதைப் பேசத் தொடங்கும் முன்பே இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். பேசி முடித்த பிறகு "அதைப் போடாதீர்கள்" என்றால் செய்தியாளர் கேட்கக் கடமைப்பட்டவர் அல்லர்.

அறிகுறி: பேட்டி வந்தது, நிறுவனத்தின் பெயர் இல்லை, அல்லது தகவல் தவறு

பெயர் விடுபட்டால் பணிவாக ஒரு முறை கேட்கலாம்: "நிபுணரின் பதவியோடு நிறுவனப் பெயரும் இருந்தால் வாசகருக்கு அவர் நலன் எங்கே என்று தெரியும்." இது உண்மையும்கூட, ஆகையால் பல நேரம் ஏற்கிறார்கள். தளத்துக்கு இணைப்புக் கொடுக்கவில்லை என்று சண்டை போடாதீர்கள். இணைப்புக் கொடுத்து அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் 'நோஃபாலோ' என்ற குறி அதில் இருந்தாலும் அப்படியே. அது இதழின் கொள்கை, செய்தியாளரின் கையில் இல்லை. பேட்டியே வெட்டுப்பட்டு ஒரு வரி மட்டும் வந்திருந்தால், அந்த ஒரு வரியை ஏன் வைத்தார் என்று பாருங்கள். அடுத்த முறை நிபுணர் அப்படிப்பட்ட வரிகளை அதிகம் சொல்லட்டும்.

தகவல் தவறு என்றால் விடக் கூடாது. தவறான வாக்கியம், சரியான தகவல், அதற்கான சான்று, மூன்றையும் வரிசையாக எழுதி அன்றே செய்தியாளருக்கு அனுப்புங்கள். தொனி பிடிக்கவில்லை என்பதற்கெல்லாம் எழுதாதீர்கள். எண், பெயர், தேதி, சொல்லாததைச் சொன்னதாகப் போட்டது, இவற்றுக்கு மட்டும். பதில் இல்லையென்றால், வாசகர்களின் புகார்களைக் கவனிக்க இதழ் நியமிக்கும் 'வாசகர் ஆசிரியர்' என்பவருக்கு நீங்கள் எழுதலாம். தி இந்து 2006இலேயே அப்படி ஒருவரை நியமித்தது. எல்லா இதழிலும் அந்தப் பதவி இல்லை. இல்லாத இடத்தில் பக்க ஆசிரியருக்கு எழுதுங்கள். திருத்தம் வந்ததும் மென்பொருளில் சேமிக்கப்பட்டிருக்கும் பழைய வடிவத்தை நீக்கிவிட்டுத் திருத்திய பக்கத்தைப் பதியுங்கள். மாத அறிக்கையும் அடுத்த மடலில் நீங்கள் எடுத்துக்காட்டும் மேற்கோளும் அங்கிருந்துதான் போகின்றன.